ஆடாத எண்

இரண்டே ஸ்வரங்கள். முதலில் தாழ்ந்த ஒன்று, உடனே அதன் தோளில் ஏறி நிற்கிற மாதிரி உயர்ந்த ஒன்று. டு-டுங். கணினியின் வாயில் எதையாவது செருகினால் அது அப்படிச் சொல்லும். பிடுங்கினால் அதையே திருப்பிப் போட்டு, உயர்ந்தது முதலிலும் தாழ்ந்தது பின்னாலுமாக, யாரோ படியிறங்கிப் போவதுபோலச் சொல்லும். பதினைந்து வருடத்துக்கு முன்பு ஓர் ஆயுதபூஜை நாளில், காலை பத்தே முக்கால் மணி சுமாருக்கு, ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் அதை நான் கேட்டேன். அப்போது அது அழகாக இருப்பதாகக்கூட எனக்குத் தோன்றியது. இப்போது ஷமீமாவின் ஜெராக்ஸ் கடையில், கால் ஒன்று லேசாக ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் கைரேகைக் கருவியின் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன் அலுவலகத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை சொல்ல வேண்டும். என் கட்டைவிரல் சொல்ல மாட்டேன் என்கிறது. "ஆச்சி, வெரல நல்லாத் தொடச்சிட்டு வைங்க." துடைத்து வைக்கிறேன். கண்ணாடிக்கு அடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இது யாருமில்லை என்று முடிவுசெய்து அணைந்துவிடுகிறது. "ஒங்களுக்கு ரேகையே தேஞ்சு போச்சு. என்ன வேல பாத்தீங்க?" பட்டன் அமுக்குகிற வேலை என்கிறேன். எனக்குப் பின்னால் ஆதார் நகலோடு நிற்கிற பெரியவர் சிரிக்கிறார். "பட்டன அமுக்குனா ரேக தேயுமா? எங்க வீட்டுல பாத்திரம் தேச்சித் தேச்சி அவளுக்குத் தேஞ்சிட்டு. எனக்குப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு." "அப்ப நீங்க ஒரு நாளும் ஒண்ணையும் தேய்க்கலன்னு அர்த்தம் தாத்தா," என்கிறாள் ஷமீமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு என்னிடம், "சர்வர் இழுக்கு ஆச்சி, கொஞ்சம் உக்காந்திருங்க. அந்த மெயிலு ஒண்ணு அனுப்பணும்னீங்களே, அதையும் சேத்து முடிச்சிருவோம்."

அந்த மெயில். கைப்பைக்குள் நாலாக மடித்த தாள் இருக்கிறது. தொடாமலே அதன் விளிம்பு எனக்குத் தெரிகிறது, பல்லில் சிக்கிய நாரை நாக்கு அறிவதுபோல. நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றும் நன்றாக இருந்தன. நன்றாக இருந்ததால் கிழித்தேன். போன திங்கட்கிழமை ஆலையிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். பெயர் பவதாரிணி. ஆலையின் கணினி வலையைக் காப்பதற்கென்றே இப்போது ஒரு தனிப் பிரிவு இருக்கிறதாம், அதற்கு அவள் பொறுப்பாம். என் காலத்தில் அப்படிப் பிரிவு இல்லை. ஒரு போர்டு இருந்தது. "அரசி மேடம்தானே? மங்கையர்க்கரசி மேடம்? நீங்க எழுதின அந்த விசாரணை ரிப்போர்ட்டைப் படிச்சேன் மேடம். எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க! இப்பல்லாம் யாரு இப்படித் தமிழ் எழுதுறாங்க?" என்றாள். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும், எழுபத்திரண்டு வயதில் அந்த அறிக்கைக்கு வந்த பாராட்டில் ஒரு நொடி எனக்கு உடம்பு குளிர்ந்தது. பிறகுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். எங்கோ வெளிநாட்டு ஆலையில் நடந்ததைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். நம் ஆலையிலேயே நடந்ததைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். "அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கோம் மேடம். 'அருளப்பன் தவறு.' ஆளோட பேரச் சொன்னாத்தான் மனசுல நிக்கும். வருஷா வருஷம் எல்லா பேட்ச்சுக்கும் இதுதான் முதல் பாடம். அறிக்கை எழுதினவங்க நீங்க, உங்க ஒப்புதல் வேணும். சனிக்கிழமைக்குள்ள ஒரு மெயில் போட்டுருங்க, திங்கட்கிழமை தொடங்குறோம்." நான் சரி என்றேனா, பார்க்கிறேன் என்றேனா, நினைவில்லை. இன்று சனிக்கிழமை. அருளப்பன் தவறு. அதைச் சொல்லிப் பார்த்தேன். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு சொல்லும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருகின்றன. இப்படி உட்காரும் சொற்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு பலவீனம்.

அந்தப் போர்டையும் நான்தான் எழுதினேன். பென்டிரைவ் எல்லாரிடமும் வந்துவிட்ட காலம். பையன்கள் சினிமாப் பாட்டு, கல்யாண போட்டோ எல்லாம் அதில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். ஆலையை ஓட்டுகிற கணினிகள் வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்பவை, ஆகவே அவற்றுக்கு எந்தக் கெடுதலும் வராது என்று தலைமை அலுவலகத்தில் நம்பினார்கள். கையில் கொண்டுவந்து செருகினால் மட்டும்தான் ஆபத்து என்றார்கள். அதனால் கணினிப் பெட்டிகளைப் பூட்டி, சாவியைக் கருவிப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வேலை செய்த அருளப்பனிடம் கொடுத்தார்கள். பாதுகாப்பு வாரத்தில் வாசகப் போட்டி வைத்தார்கள். 'வெளியே பிறந்ததை உள்ளே செருகாதே. உன் ஒரு நொடி ஆசை, ஆலையின் ஒரு மூச்சு.' முதல் பரிசு எனக்கு, எவர்சில்வர் தூக்கு. அதில்தான் இன்றைக்கும் மோர் எடுத்துக்கொண்டு எங்கும் போகிறேன், இதோ காலடியில் பைக்குள் இருக்கிறது. சாரா டக்கருக்குப் போய் வேதியியல் படித்தவள் என்று சொல்ல வந்தேன், இல்லை, எந்தக் கல்லூரி என்பது எதற்கு, ஏதோ ஒரு கல்லூரி. வேதியியல் படித்தேன், நூலகத்தில் கவிதை படித்தேன், ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, கட்டுப்பாட்டு அறைக்கு வந்த முதல் பெண்ணானேன், ஷிப்ட் பொறுப்பாளரானேன். ஆலையில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துமடல் நான் எழுதினேன். அந்த வருடம் ஆயுதபூஜைக்கு ஒரு பாட்டும் எழுதினேன், எட்டு வரி. சுழலும் சக்கரமே, சோர்வறியாத் தோழியே, அழலும் புனலும் ஆளும் தேவியே. இப்போது நினைக்கும்போதே காது சுடுகிறது. தம்பி மகளைப் பாடவைத்து, தெருமுனை பிரௌசிங் சென்டரில் கொடுத்து, ஒரு சிவப்புப் பென்டிரைவில் ஏற்றி வாங்கிக்கொண்டேன். இரசாயன ஆலையை நிறுத்த முடியாது, அதனால் ஓடிக்கொண்டே இருக்கிற ஆலைக்குத்தான் பூஜை. திரைகளின் மூலையில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், கீபோர்டுக்கு ஒரு முழம் கதம்பம். எல்லாரும் முதலில் பாய்லர் பூஜைக்குப் போயிருந்தார்கள். அறையில் நானும் அருளப்பனும். பூஜைக்குப் பாட்டுப் போடும் டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்துபோயிருந்தது. மூலையில் இருந்த ஒரு கணினிக்கு மட்டும் சின்ன ஸ்பீக்கர் உண்டு. "அருளப்பா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திற. அஞ்சு நிமிஷம்." அவன் என் கையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். "மேடம், பரிசு வாங்குன போர்டு எதுத்தாப்புலயே தொங்குது." "நான் எழுதுன போர்டுதானே, நானே சொல்லுதேன், திற." சிரித்துக்கொண்டே திறந்தான். "நாளைக்கு எவனாவது கேட்டா அரசி மேடம் ஆர்டர்னு சொல்லிருவேன்." "சொல்லு, சொல்லு." டு-டுங். மூன்று வரி பாடியது. அந்த அறையில் இருபத்துநாலு மணி நேரமும் ஒரு முழக்கம் உண்டு, விசிறிகளும் தரைக்கு அடியில் எங்கோ பம்புகளும் சேர்ந்த ஒரு கனத்த சுருதி. அதற்கு முன்னால் அந்தக் குழந்தைக் குரலும் என் வரிகளும் தகர டப்பாவில் போட்ட காசு போலக் கேட்டன. "நல்லாருக்கே மேடம், யாரு எழுதுனது?" என்றான். யாரோ, என்றேன். பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் பெட்டியைச் சாத்தினான், அதற்குள் போன் வரவும் பூட்ட மறந்தான். மறக்கவைத்ததும் என் அவசரம்தான். யாரோ. அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவது அதன் நிழலில் வளர்ந்தது.

"ஆச்சி, தண்ணி குடிக்கீங்களா?" வேண்டாம் என்று கை காட்டுகிறேன். பெரியவர் தன் ஆதாரில் தன் படத்தைப் பார்த்து, "இது என் சித்தப்பா மாதிரி இருக்கு," என்கிறார். திரையில் ஏதோ சுற்றிக்கொண்டே இருக்கிறது, சின்ன வட்டம். சுற்றுவது நல்லது. அசைவது நல்லது. அன்றைக்குப் பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, உலையின் வெப்பம் அறுபத்திரண்டு புள்ளி நாலு என்று நின்றது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துச் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன், "பாருங்கய்யா, பூஜை போட்டதும் ஆடாம அசையாம நிக்கி." எல்லாரும் சிரித்தார்கள். அந்த எண் அதுவரை ஒரு நாளும் நின்றதில்லை. நாலு ஐந்தாகும், மூன்றாகும், மறுபடி நாலாகும், தூங்குகிறவரின் கழுத்து நரம்பு மாதிரி. முப்பது வருடம் அதைப் பார்த்தவள் நான். நின்றுபோனதை அருள் என்று எடுத்துக்கொண்டேன். அருளப்பன்தான் கையிலிருந்த பொரியைப் பொட்டலத்தோடு மேசையில் வைத்தான். "மேடம், கடைசிப் புள்ளி துடிக்கலயே." "என்னது?" "துடிக்கல மேடம். எல்லா ஸ்கிரீன்லயும். நம்பர் செத்துக் கெடக்கு." சொல்லிவிட்டு ஓடினான். உலையிலேயே மாட்டியிருக்கிற பழைய முள் மானி எண்பத்தொன்றைத் தாண்டியிருந்ததாம். குளிர்நீர் வால்வு கணினி சொன்னால்தான் தானாகத் திறக்கும். கணினிகளோ ஒன்றோடொன்று பேச முடியாமல் அடைத்துக் கிடந்தன. என் பாட்டோடு சேர்ந்து பிரௌசிங் சென்டரிலிருந்து வந்த ஒரு நச்சு நிரல் அந்தக் கணினிகளுக்குள் பெருகி, ஒன்றின் சொல் இன்னொன்றுக்குப் போகாமல் வழியை நிரப்பிவிட்டது என்று பிறகு சென்னையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அவன் கையாலேயே சக்கரத்தைச் சுற்றித் திறந்தான். பக்கத்தில் நீராவிக் குழாய், காப்பு உரிந்த இடம். வலது உள்ளங்கை வெந்துபோனது. கை வெந்ததையே அவன் கவனிக்கவில்லை, திரும்பி வந்து எங்கள் திரையைப் பார்த்து, "இன்னும் அதே அறுபத்திரண்டு நாலுதானா?" என்று கேட்டான். அப்போது எனக்கு எதுவும் தெரியாது, அந்த நிமிடம் வரை நான் குற்றமற்றவள். மூன்று நாள் கழித்து, பத்து நாற்பத்தொன்றுக்கு வெளியிலிருந்து ஏதோ செருகப்பட்டிருக்கிறது என்று தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது தெரிந்தது.

விசாரணைக் குழுவில் நான்கு பேர். தலைவர் ஆலை மேலாளர் ராமபத்திரன் சார். அறிக்கை எழுத நான், ஏனென்றால் எனக்கு எழுத வரும். அருளப்பனைக் கூப்பிட்டார்கள். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வந்தான், உட்காரச் சொல்லவில்லை. "சாவி யார்ட்ட இருந்துச்சு?" "என்ட்ட சார்." "பெட்டியத் தொறந்தது?" "நான்தான் சார்." "யாரு செருகுனது?" அவன் கட்டுப்போட்ட கையைச் சரிசெய்துகொண்டான். என்னைப் பார்க்கவில்லை, அதுதான், பார்க்காமலே சொன்னான், "மேடத்துக்குத் தெரியும் சார். மேடம் சொல்லுவாங்க." நான்கு பேர், மூன்று பேர், நான் போக மூன்று பேர் என் பக்கம் திரும்பினார்கள். மின்விசிறி கடக் கடக் என்றது, ஐந்தாவது சுற்றுக்கு ஒருமுறை. எனக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால்கூட அதை யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம். வேலை போயிருக்காது. பதினொரு மாதத்தில் ஓய்வு, நிரந்தர ஊழியர், நல்ல பெயர். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும், மடித்து வைத்திருப்பேன். நான் பயந்தது பாட்டுக்கு. பென்டிரைவைக் கொண்டுவா என்பார்கள். சென்னைக்காரர்கள் அதைத் திறப்பார்கள். அந்த மேசையில், அந்த மூன்று பேர் முன்னால், சுழலும் சக்கரமே என்று அது பாடும். யார் எழுதியது என்பார்கள். ராமபத்திரன் சார் உதட்டை உள்ளே மடித்துச் சிரிப்பை அடக்குவார், அதை நான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக. இதை இந்த நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி பார்க்கிறேன், வேறு காரணம் ஏதாவது அடியில் இருக்கிறதா என்று துழாவுகிறேன், பதினைந்து வருடமாகத் துழாவுகிறேன், இல்லை, அதற்காகத்தான். "சாவி அவரிடம்தான் இருந்தது," என்றேன். உண்மைதானே. அறிக்கையிலும் ஒரு பொய்கூட இல்லை. சாவி அவன் பொறுப்பில் இருந்தது, உண்மை. பெட்டி பூட்டப்படாமல் இருந்தது, உண்மை. அவன் கணினிகளில் பாட்டுக் கேட்கும் வழக்கமுள்ளவன் என்று இரண்டு பேர் சொன்னார்கள், அதுவும் உண்மை. எல்லா உண்மையையும் வரிசையாக அடுக்கினேன், ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததற்குக் கை கொடுத்தது, கடைசியில் அவன் வாசலுக்கு வெளியே நின்றான். அவன் ஓடிப்போய் வால்வைத் திறந்தது அறிக்கையின் வரம்புக்குள் வராது என்று விட்டுவிட்டேன். 'நேர்த்தி' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார் ராமபத்திரன் சார்.

வேலையை விட்டு நீக்கிய அன்று, கேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவனை வழிமறித்தது போல நான் நின்றேன், தற்செயல்தான். ஏன் நீயே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். "நான் சொன்னா யாரு மேடம் நம்புவா? நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அதான் உங்களுக்கு விட்டுட்டேன்." கோபமே இல்லை அந்தக் குரலில். கணக்குப் பாடத்தில் ஒரு விடையைச் சரிபார்க்கிறவன் குரல். அதன் பிறகு ஒரு முறை வீட்டுக்கு வந்தான், எந்த ஒப்பந்தக்காரரும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், ஒரு நற்சான்று எழுதிக்கொடுங்கள் என்றான். எழுதிக்கொடுத்தேன். கடமையுணர்வும் கூர்ந்த கவனமும் உடையவர் என்று எழுதினேன். அவன் இடது கையால் வாங்கிப் பார்த்தான், வலது கை விரல்கள் முழுக்க நீளவில்லை. "உங்க எழுத்து அழகு மேடம்," என்றான். குத்தலாகச் சொன்னானா என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். இல்லை, அவனுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அந்தத் தாள் எங்கும் பயன்படவில்லை என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு, அதன் பிறகு பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த அந்தச் சுவர், அதை இப்போது நினைக்க வேண்டாம். நான் ஓய்வு பெற்றபோது எனக்குச் சால்வை போட்டார்கள், 'கறைபடாத முப்பத்துமூன்று ஆண்டுகள்' என்று மடலில் இருந்தது. அந்த மடலையும் என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேனே. வேண்டாம், அந்தச் சுவர் வேண்டாம். வெயில், பஸ் நின்றது, யாரோ ஏறினார்கள், சுவரில். வேண்டாம்.

"ஆச்சி, அந்தத் தாளக் குடுங்க, அடிச்சிருதேன்." கொடுக்கிறேன். என் விரலை விட்டு அது போவதைப் பார்க்கிறேன். ஷமீமா உரக்கப் படித்துக்கொண்டே அடிக்கிறாள், எல்லாக் கடிதங்களையும் அவள் அப்படித்தான் அடிப்பாள், மாமியாரைப் பற்றிய புகாரானாலும் சரி. "மதிப்பிற்குரிய பவதாரிணி அவர்களுக்கு. அந்தப் பென்டிரைவைச் செருகியது நான். அருளப்பன் வேண்டாம் என்று சொன்னார். நான் மேலதிகாரி என்பதால் பெட்டியைத் திறந்தார். எண் நின்றுவிட்டது ஆபத்து என்று முதலில் கண்டதும் அவர். ஓடிப்போய் வால்வைத் திறந்து ஆலையைக் காப்பாற்றியதும் அவர். அதில் அவர் கை வெந்தது. எனக்கு இவை எல்லாம் தெரியும். அறிக்கையில் எழுதவில்லை. பாடத்துக்கு என் பெயரை வையுங்கள். மங்கையர்க்கரசி." பெரியவர் தன் தாளை மடிப்பதை நிறுத்தியிருக்கிறார். ஷமீமாவின் விரல்கள் கீபோர்டுக்கு மேல் நிற்கின்றன. "ஆச்சி, அனுப்பிட்டா திரும்ப எடுக்க முடியாது, பாத்துக்கோங்க." தெரியும், அனுப்பு. "சப்ஜெக்ட் என்ன போடட்டும்?" அதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு நல்ல சொல்லை மனம் தேட ஆரம்பிக்கிறது, பழைய நாய், எலும்பு வாசனைக்கு எழுந்துவிட்டது. "ஒண்ணும் போடாதே," என்கிறேன். அவள் தட்டுகிறாள். போய்விட்டது. சத்தமே இல்லை. பிறகு என் இடது கை மோதிர விரலைப் பிடித்து, எச்சில் தொட்ட துணியால் துடைத்து, அவளே கண்ணாடியில் அழுத்திப் பிடிக்கிறாள், பச்சை விளக்கு. "வந்துட்டு! இன்னும் ஒரு வருஷத்துக்கு நீங்க உயிரோட இருக்கீங்க ஆச்சி." பெரியவர் சிரிக்கவில்லை. நகர்ந்து எனக்கு வழிவிடுகிறார். தேவைக்கு மேலேயே நகர்கிறார்.

படியிறங்குவதற்குள் போன் அடிக்கிறது. பவதாரிணி. அவளுக்குப் பின்னால் எங்கோ அந்தப் பழைய முழக்கம், ஆலையின் சுருதி. "மேடம்... நீங்களா?" நான்தான். "சாவி அவர்ட்ட இருந்துச்சுன்னு ரிப்போர்ட்டுல..." இருந்தது, அதுவும் சரி. "வால்வ அவரு கையால தொறந்தாரா? அது எங்கயுமே இல்லயே மேடம்." எழுதவில்லை, என்கிறேன். திட்டுவாள் என்று காத்திருக்கிறேன், திட்டினால் நன்றாக இருக்கும். ஆனால் அவள் வயது அப்படி, குரல் மெல்ல ஏறுகிறது, முதலில் தாழ்ந்து பிறகு உயர்ந்து. "மேடம், எண் நின்னா ஆபத்துன்னு கண்டுபிடிச்ச ஆளு! இத நாங்க இப்ப லட்சக்கணக்குல செலவு பண்ணி மெஷின் வச்சுப் பாக்கோம். அவரையே வகுப்புக்குக் கூப்பிடுறேன். அவரு வாயாலயே சொல்லட்டும், பிள்ளைங்க அசையாமக் கேப்பாங்க. நிர்வாகத்துட்ட நான் பேசுதேன், அந்த அறிக்கையவே திருத்தணும். அவரு நம்பர் இருக்கா மேடம்? இப்ப எங்க இருக்காரு?" தெருவில் வெயில். எதிரே சுவரில் ஏதோ கடைத் திறப்பு விழாப் போஸ்டர், அதன் கீழே பழைய போஸ்டரின் ஓரம் பிய்ந்து ஆடுகிறது. பஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்த சுவரில் இருந்தது கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், அதில் அருளப்பனின் படம். என் கடிதம் ஏன் இந்த வருடம் இவ்வளவு எளிதாக எழுத வந்தது என்று எனக்குத் தெரியும். இனிக் கேட்க முடியாத ஒருவனிடம்தான் நான் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். "மேடம்? லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன். அருளப்பன் ஒரு துணிக்கடைக் கிடங்கில் காவலாளியாக இருந்தான். இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆவணியில் மஞ்சள்காமாலையில் இறந்துபோனான், அப்போது அவனுக்கு வயது நாற்பத்து நான்கு.